ஆவியும் அனலும்

நுழையும்முன்

அரைத்த மாவு, நீர், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர், நெருப்பு ஆகிய நான்கையும் கொண்டே உலகின் பல நாட்டு மக்கள் தம் அன்றாட உணவை ஆக்கிக்கொண்டனர். ஆக்கும் முறையில் அவர்கள் பெரிதும் வேறுபட்டனர். கோதுமை மாவைப் புளிக்கவைத்து ஆவியில் அவிக்கும் சீனரின் கலையையும், அதே மாவை அனலில் சுட்டு உப்புச்சுவை ரொட்டியாக்கும் அவர்களது பிற்கால வழக்கத்தையும் இப்பாடம் விளக்குகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் வகுப்புகளில் தனித்தனியே கற்றவை ஓர் அடுக்களைக்குள் ஒன்றுகூடுவதை இதில் காணலாம்.

வட சீன நகரங்களில் குளிர்காலக் காலைப்பொழுது வெண்ணிற ஆவியோடு தொடங்கும். சிற்றுண்டிக் கடைகளின் வாயிலில் மூங்கில் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உயர அடுக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் மூடியைத் திறந்ததும் ஆவி விலகி, உள்ளங்கையளவில் உருண்டு திரண்ட வெண்ணிற அப்பங்கள் வெளிப்படும். அவற்றின்மேல் பொன்னிறம் இல்லை. மொறுமொறுப்பான ஓடும் இல்லை. ரொட்டியை மட்டுமே அறிந்த ஒருவர் அவற்றைக் கண்டால், 'இன்னும் வேகவில்லையோ?' என்று ஐயுறக்கூடும். இட்லி உண்டு வளர்ந்த நமக்கு அவ்வையம் எழாது.

உள்ளீடு ஏதுமின்றி அவிக்கப்படும் இவ்வப்பத்துக்கு 'மான்டோ' என்பது பெயர். காய்கறியோ இறைச்சியோ உள்ளே வைத்து, விளிம்பை மடிப்பு மடிப்பாகக் கூட்டி மூடி அவித்தால் அது 'பாவ்ட்ஸு'. இவற்றுக்கு உரிய மாவும் ஈஸ்டும் ஹாங்காங் நகரத்து அடுமனை ஒன்றில் ஓவனுக்குள் செல்லும்போது, வெங்காயத்தாள் தூவிய பொன்னிற ரொட்டியாக வெளிவருகின்றன. அடிப்படையில் ஒரே மாவு, இரண்டு வகை வெப்பத்தால் இருவேறு உணவுகளாவது எவ்வாறு?

கோதுமை வந்தது, பானை காத்திருந்தது

சீனாவின் நடுவே மேற்கு கிழக்காகச் செல்லும் சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் இணைத்து ஒரு கோடு வரைந்தால், அந்நாட்டின் உணவு வரைபடம் இரண்டாகப் பிரியும். கோட்டுக்குத் தெற்கே இருப்பது மழை மிகுந்த நெல் நாடு. வடக்கே இருப்பது மஞ்சள் ஆறு பாயும் வறண்ட கோதுமை நாடு. மான்டோவும் பாவ்ட்ஸுவும் வடபுலத்தில் வேர்கொண்ட உணவுகள்.

ஆயினும் கோதுமை சீன மண்ணில் தோன்றிய தானியம் அன்று. மேற்கு ஆசியாவில் பயிராகி, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் அது கிழக்கே வந்து சேர்ந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வட சீன மக்கள் தினையையும் பனிவரகையும் விளைவித்து உண்டுவந்தனர். அத்தானியங்களை வேகவைக்க, அடியில் துளைகள் இட்ட மண்பானையைக் கொதிநீர்ப் பானையின்மேல் பொருத்தினர். இத்தகைய ஆவிப்பானைகள் புதிய கற்கால அகழாய்வுகளில் கிடைத்துள்ளன. கோதுமை பிறந்த மேற்கு ஆசியாவில் களிமண் அடுப்பு இருந்தது. அங்கே அது சுட்ட ரொட்டியானது. சீனாவுக்கு வந்தபோதோ, அங்கே ஆவிப்பானை காத்திருந்தது. புதிதாக வரும் தானியம் பழைய பாத்திரத்துக்கு ஏற்பவே உருமாறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

முதலில் கோதுமையை முழுமணியாகவே அவித்தனர். அது மென்றுண்ணக் கடினமாக இருந்தது. ஹான் மரபினர் ஆண்ட காலத்தில் (கி.மு. 206 – கி.பி. 220) சுழலும் கல்திருகைகள் பரவலாயின. மணி மாவானது, மாவினால் ஆகும் உணவுகள் பெருகின.

சீனர் சுடுதலை அறியாதவர் அல்லர். எள் தூவிச் சுடும் 'ஷாவ்பிங்' என்னும் தட்டை ரொட்டி வட சீனத் தெருக்களில் இன்றும் உண்டு. மேற்கே சின்ஜியாங் பகுதியில் வாழும் உய்கூர் மக்கள் தந்தூரி அடுப்பைப் போன்ற களிமண் அடுப்பில் 'நாங்' சுடுகின்றனர். ஆனால் சாதாரண வீட்டில் ஓவன் இல்லை. அங்கிருந்தது பெரிய இரும்புச் சட்டி பதித்த ஓர் அடுப்பு மட்டுமே. அச்சட்டியில் நீர் கொதித்தால், மேலே அடுக்கிய தட்டுகள் அனைத்துக்கும் ஒரே தீ போதுமானது. விறகு அரிதான நாட்டில் இது பெரும் சிக்கனம். அத்தீயின் புகைகூட வீணாகவில்லை. 'காங்' எனப்படும் செங்கல் மேடையின் அடிவழியே அது செலுத்தப்பட்டது. வீட்டார் அமர்ந்து உண்பதும் இரவில் உறங்குவதும் வெதுவெதுப்பான அம்மேடைமீதுதான். கடுங்குளிரில் மாவு பொங்க மறுக்கும் நாள்களில், பிசைந்த மாவுச் சட்டியைப் போர்வையால் மூடி அம்மேடைமேல் வைப்பர். வீட்டு மனிதர்க்குக் கிடைத்த சூடு மாவுக்கும் கிடைத்தது.

பெயரில் ஒரு கதை

மான்டோவின் தோற்றம் பற்றிச் சீனரிடையே ஒரு கதை வழங்குகிறது. மூன்றாம் நூற்றாண்டில் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கிய ஜூகே லியாங், தென்திசைப் போரை முடித்துத் திரும்பும் வழியில் ஓர் ஆறு கொந்தளித்ததாம். ஆற்றின் தெய்வத்தைத் தணிக்க மனிதத் தலைகளைப் பலியிடவேண்டும் என்றனர் அப்பகுதியினர். போரில் மாண்டவர்கள் போதும் என்று எண்ணிய அவர், மாவினால் தலைவடிவில் அப்பம் செய்து, உள்ளே இறைச்சி வைத்து ஆற்றில் இடச்செய்தார். ஆறு அடங்கியது என்பது கதை. பல நூற்றாண்டுகள் கழித்துச் சுங் மரபினர் காலத்து நூலில் காணப்படும் இதனை வரலாறாகக் கொள்ள இயலாது. எனினும் கதைக்குள் ஓர் உண்மை ஒளிந்துள்ளது. பழங்காலத்து மான்டோவுக்குள் உள்ளீடு இருந்தது என்பதே அது. ஷாங்காய் வட்டாரத்தில் உள்ளீடு வைத்ததையும் இன்றளவும் மான்டோ என்றே அழைக்கின்றனர்.

பெயர் முதன்முதலில் எழுத்தில் தென்படுவது இக்கதையைவிட நம்பகமான ஓரிடத்தில். மேற்குச் சின் மரபினர் காலத்தில் (கி.பி. 265 – 316) வாழ்ந்த ஷூ சீ என்னும் புலவர் மாவுணவுகளைப் பற்றியே ஒரு பாடல் இயற்றினார். எப்பருவத்துக்கு எம்மாவுணவு ஏற்றது என வகுத்துரைக்கும் அவர், குளிர் நீங்கி வெயில் முதிராத இளவேனில் தொடக்கத்து விருந்துக்கு மான்டோவை உரியதாக்குகிறார். கொரியாவின் 'மண்டு', ஜப்பானின் 'மஞ்சு' ஆகிய பெயர்கள் இச்சொல்லின் வழியே வந்தவை.

இங்கே ஒரு மயக்கத்தையும் நீக்கிவிடலாம். மும்பையின் 'பாவ்' ரொட்டியும் சீனரின் 'பாவ்'வும் ஒலியில் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றோ எனத் தோன்றும். மும்பைப் பாவ், ரொட்டியைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது. சீனப் பாவ், பொதிதல் என்னும் பொருளுடைய சீனச் சொல். இரண்டுக்கும் உறவில்லை.

மாவுக்குள் நிகழ்வன

மான்டோவின் மென்மைக்கு மூன்று செயல்கள் காரணம். மாவுக்குள் ஒரு வலை உருவாகவேண்டும். அவ்வலைக்குள் வாயு நிரம்பவேண்டும். வாயு வெளியேறும் முன் வலை இறுகவேண்டும். இவற்றில் எது முந்தினாலும் பிந்தினாலும் அப்பம் கெடும்.

வலையாவது குளுட்டன். கோதுமையில் கிளையடின், குளுட்டனின் என்னும் இரு புரதத் தொகுதிகள் உள்ளன. நீர் சேர்த்துப் பிசையும்போது இவை ஒன்றோடொன்று பிணைந்து, இழுத்தால் நீளவும் விட்டால் சுருங்கவும் வல்ல வலையாகின்றன. இத்தாலியின் பொலோனா நகரத்து அறிஞர் ஜாகோபோ பெக்காரி, கோதுமை மாவிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்த செய்தி 1745இல் வெளியாயிற்று. அவர் செய்ததை நாமும் வீட்டில் செய்து பார்க்கலாம். பிசைந்த மைதா உருண்டையை நீரினுள் வைத்து மெல்லக் கசக்கினால், பால்போல ஸ்டார்ச் கரைந்து வெளியேறும். நீரை மாற்றி மாற்றிக் கசக்கியபின் கையில் எஞ்சும் சவ்வுபோன்ற பொருளே குளுட்டன். அரிசி மாவில் எவ்வளவு முயன்றாலும் இது கிடைக்காது. இட்லி மாவில் வாயுவைப் பிடித்துவைக்க உளுந்து தேவைப்படுவதன் காரணமும் இதுவே.

மான்டோவுக்கு இவ்வலை மிக வலுவாகவும் இருத்தலாகாது. வலுமிகுந்த ரொட்டி மாவில் செய்தால் அப்பம் இரப்பர்போல் இழுபடும். நம் கடைகளில் கிடைக்கும் மைதா இதற்குப் பொருந்தும்.

வாயுவைத் தருவது ஈஸ்ட். சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் இவ்வொருசெல் பூஞ்சை, மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, கார்பன் டைஆக்சைடையும் எத்தனாலையும் வெளிவிடுகிறது. நொதித்தல் உயிரினத்தின் செயலே என்பதை 1857 முதல் லூயி பாஸ்டர் வெளியிட்ட ஆய்வுகள் நிலைநாட்டின. அதனை அறியாத காலத்திலேயே சீன வீடுகளில் அவ்வுயிர் பேணி வளர்க்கப்பட்டது. ஒவ்வொரு முறை பிசையும்போதும் ஒரு கைப்பிடி மாவை எடுத்துவைத்து, மறுமுறை புதிய மாவோடு சேர்ப்பர். இதனை 'லாவ்மியென்', அதாவது பழைய மாவு என்பர். நம் வீடுகளில் பாலுக்கு உறை வைக்க அடுத்த வீட்டில் ஒரு கரண்டி மோர் வாங்குவது போன்று, பழைய மாவையும் அக்கம்பக்கத்தில் வாங்கிக்கொள்வதுண்டு.

பழைய மாவில் ஈஸ்டோடு லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் வாழும். ஆதலால் அப்பம் புளிக்கும். புளிப்பை நீக்கச் சோடியம் கார்பனேட் கரைசலைச் சேர்த்துப் பிசைந்தனர். அமிலமும் காரமும் வினைபுரிந்து உப்பும் நீரும் கார்பன் டைஆக்சைடும் உண்டாகும். ஆகவே புளிப்பு தணிவதோடு மாவும் கூடுதலாகப் பொங்கும். ஆனால் அளவுதான் கத்திமுனை. காரம் குறைந்தால் புளிப்பு எஞ்சும். மிகுந்தால் வெண்ணிற அப்பம் மஞ்சளாகிச் சோடா நெடி வீசும். கோதுமையிலுள்ள ஃபிளேவனாய்டு நிறமிகள் காரத்தில் மஞ்சளாகும் இயல்புடையவை. மஞ்சள்தூளில் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பதை நினைவுகூர்க. ஒவ்வொரு நாளும் மாவின் புளிப்பு வேறுபடுவதால் இத்தனை கிராம் என்று எழுதிவைக்க முடியாது. மாவைக் கத்தியால் அரிந்து துளைகளைப் பார்ப்பர், முகர்வர், ஐயம் இருப்பின் நெல்லிக்காயளவு உருண்டையைத் தனியே அவித்துப் பார்ப்பர். அமிலக்கார நடுநிலையாக்கலை நிறங்காட்டியின் துணையின்றி மூக்காலும் கண்ணாலும் செய்து முடித்த பெண்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. பொட்டலத்தில் அடைத்த ஈஸ்ட் எங்கும் கிடைக்கும் இக்காலத்தில் இத்திறன் அருகிவருகிறது. காரத்தை அளவறிந்து இடக் கற்றவர் ஒருவர் வீட்டில் இல்லாது போனால், அடுத்த தலைமுறை அதனை ஏட்டில் தேடிப் பெற இயலாது.

ஆவியின் ஆற்றல்

நூறு பாகை செல்சியசில் உள்ள ஆவிக்கும் 180 பாகையில் உள்ள ஓவன் காற்றுக்கும் இடையே எது விரைவில் வேகவைக்கும்? எண்களை மட்டும் நோக்கினால் ஓவன் என்றே தோன்றும். ஆனால் சூடான ஓவனுக்குள் தட்டை வைக்கும் கை ஒரு நொடி அவ்வெப்பக் காற்றைத் தாங்குகிறது. இட்லிப் பானையின் ஆவி பட்ட கையோ உடனே கொப்புளிக்கிறது. காரணம் உள்ளுறை வெப்பம். ஒரு கிராம் ஆவி நீராகக் குளிரும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை வெளிவிடும். அதே ஒரு கிராம் கொதிநீர் அறை வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் வெளிப்படுவது சுமார் 70 கலோரி மட்டுமே. குளிர்ந்த மாவின்மேல் ஆவி படிந்து நீராகுந்தோறும் இப்பெருவெப்பம் மாவுக்குள் இறங்குகிறது.

அவ்வாறு படிந்த நீர்ப்படலம் இன்னொரு பணியும் செய்கிறது. மேற்புறத்தை ஈரமாக வைத்து, மாவு விரியும்வரை விரியவிடுகிறது. நீர் இருக்கும்வரை மேற்புற வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் நறுமணமும் தரும் வினையை 1912இல் பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மயார் விளக்கினார். அவ்வினை விரைந்து நிகழ 140 பாகையளவு வெப்பம் வேண்டும். ஆவியில் அது நிகழாமையால் மான்டோ வெண்மையாகவே வெந்து முடிகிறது. ஓவனிலோ வறண்ட காற்று மேற்புறத்தை உலர்த்துகிறது. உலர்ந்த தோல் 100 பாகையைக் கடக்கிறது. பொன்னிற ஓடு தோன்றுகிறது. சுட்ட ரொட்டியிலும் உட்பகுதி நூறு பாகையைத் தாண்டுவதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அனலின் வேலை முழுவதும் மேல்தோலில்தான்.

உள்ளே வெப்பம் 55 முதல் 60 பாகையை நெருங்கும்போது ஈஸ்ட் மடிகிறது. அதனையடுத்து ஸ்டார்ச் நீரை உறிஞ்சிக் கூழ்நிலை அடைகிறது, குளுட்டன் இறுகுகிறது. வாயுவறைகள் நிலையான துளைகளாகின்றன. இறுகுமுன் மூடியைத் திறந்தால் குளிர்காற்று உட்புகும். அறைகளிலுள்ள ஆவி சட்டென நீராகி அழுத்தம் குறையும். அப்பம் முதுமையுற்ற தோல்போலச் சுருங்கிவிடும். 'எட்டிப் பார்க்காதே' என்று சீனத்துப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளைக் கடிவதற்கு அறிவியல் காரணம் இருக்கவே செய்கிறது.

தெரிந்து தெளிவோம்

ஹாங்காங்கைச் சேர்ந்த சியுங் சௌ என்னும் சிறு தீவில், ஆண்டுதோறும் சீன நாட்காட்டியின் நான்காம் திங்களில் பன் திருவிழா நடைபெறுகிறது. ஆவியில் வெந்த பன்களால் கோபுரங்கள் எழுப்பப்படும். இளைஞர்கள் அவற்றின்மேல் ஏறிப் பன்களைப் பறிப்பர். உயரத்தில் உள்ள பன்னுக்கு நற்பேறு மிகுதி என்பது நம்பிக்கை. 1978இல் கோபுரம் ஒன்று சரிந்து பலர் காயமுற்றதால் ஏறும் போட்டி நிறுத்தப்பட்டது. எஃகுச் சட்டத்துடனும் பாதுகாப்புக் கயிறுகளுடனும் 2005இல் அது மீண்டும் தொடங்கியது.

வீட்டில் அவிக்க

இனிச் செய்முறை. மைதா 300 கிராம், நீர் 150 மில்லிலிட்டர், உலர் ஈஸ்ட் 3 கிராம், சர்க்கரை 15 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி. உப்பு பெரும்பாலும் இடுவதில்லை. சோற்றைப் போலவே மான்டோவும் உப்பும் உறைப்பும் உள்ள கறிகளோடு உண்ணப்படுவது.

ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் கரைக்கவேண்டும். விரல் வைத்தால் சுடக்கூடாது. முதன்முறை முயன்றபோது நான் கொதித்தாறாத நீரில் கரைத்துவிட்டேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தும் மாவு கல்லாகவே கிடந்தது. மாவின்மேல் பழிபோட்டேன், கொன்றது நான் என்பது பிறகே விளங்கிற்று. கோடையில் நம் ஊரில் குளிர்ந்த நீரே போதும்.

பிசைதலுக்குச் சீன இல்லங்களில் ஓர் அளவுகோல் உண்டு. அதனை 'மூன்று வழவழப்பு' என்பர். மாவு வழவழப்பாகவேண்டும், கையில் ஒட்டாமல் கை தூய்மையாகவேண்டும், பாத்திரத்தில் ஒட்டாமல் பாத்திரமும் தூய்மையாகவேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் தள்ளிப் பிசைந்தால் இம்மூன்றும் கைகூடும். பின்னர் மூடிவைக்க, மாவு இருமடங்காகும். கடிகாரத்தை நம்பவேண்டா, மாவைப் பார்க்கவேண்டும். ஜனவரி மாத உதகையில் இரண்டு மணி நேரம் ஆகக்கூடியது, மே மாத வேலூரில் முக்கால் மணி நேரத்திலேயே முடிந்துவிடும்.

பொங்கிய மாவை மீண்டும் நன்கு பிசைந்து உள்ளிருக்கும் பெருங்குமிழிகளை வெளியேற்றுதல் இன்றியமையாதது. பலர் இப்படியைச் சோம்பலால் விட்டுவிடுகின்றனர். விளைவு, மேற்புறம் அம்மைத்தழும்பு பட்டதுபோல் ஆகும். பிசைந்த மாவை எட்டுப் பங்காக்கி உருட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டு வாழையிலையோ எண்ணெய் தடவிய தாளோ வைத்து, இருபது நிமிடம் அளவில் மீண்டும் பொங்கவிடவேண்டும். கையிலெடுத்தால் முன்னிலும் இலேசாகத் தோன்றுவதே பக்குவம்.

மூங்கில் தட்டின் மூடி, மேலெழும் ஆவிநீரை உறிஞ்சிக்கொள்ளும். உலோக மூடியோ சொட்டுச் சொட்டாக நீரை அப்பத்தின்மேல் விடும். சொட்டிய இடம் களிம்புபோல் குழிந்துவிடும். ஆதலால் இட்லிப் பானையில் அவிப்போர் மூடியின் உட்புறம் ஒரு துணியைக் கட்டிக்கொள்வது நலம். நீர் கொதித்தபின் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் அவிக்கவேண்டும். தீயை அணைத்ததும் திறவாமல் மூடியைச் சற்றே ஒருக்களித்து, ஐந்து நிமிடம் பொறுக்கவேண்டும்.

பாவ்ட்ஸு ஆக்குவோர் உருண்டையை வட்டமாகத் தேய்க்கையில் நடுப்பகுதியைத் தடிப்பாகவும் விளிம்பை மெல்லியதாகவும் விடுவர். விளிம்பெல்லாம் மேலே வந்து குவிவதால், மெல்லியதாக இருந்தால்தான் அங்கே மாவுக்கட்டி சேராது. முட்டைக்கோசு, காளான், கேரட் போன்றவற்றைப் பொடியாக அரிந்து உப்பிட்டுப் பிழிந்து, வதக்கி, முற்றும் ஆறவைத்தே உள்ளே வைக்கவேண்டும். சூடான உள்ளீடு ஈஸ்ட்டைக் கெடுக்கும். நீர் விடும் உள்ளீடு அடிமாவை ஊறவைக்கும். தியான்ஜின் நகரத்துப் புகழ்பெற்ற 'கோபுலி' பாவ்ட்ஸுவில் பதினெட்டு மடிப்புகள் இருக்கும் என்பர். நமக்கு எட்டு மடிப்புகள் வந்தாலே தேர்ச்சிதான்.

அனலுக்குச் சென்ற மாவு

ஓவன் ரொட்டி சீனரிடம் கடல்வழியே வந்தது. போர்ச்சுகீசியர் 1557இல் மக்காவில் குடியேறினர். 1842இல் ஹாங்காங் ஆங்கிலேயர் வசமாயிற்று. மேலைநாட்டார் ரொட்டி தடித்த ஓடும் உறுதியான உட்பகுதியும் கொண்டது. பாவ்ட்ஸு உண்டு பழகிய நாவுக்கு அது ஏற்கவில்லை போலும். ஹாங்காங் அடுமனைகள் பாலும் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்து அதனை மென்மையாக்கின. அன்னாசி இல்லாத 'அன்னாசி பன்' அங்குதான் பிறந்தது. வெடித்த மேலோடு அப்பழத்தின் தோலை ஒத்திருப்பதால் வந்த பெயர் அது. காலைநேரப் பசிக்கு அங்கே நாடப்படுவனவற்றுள் வெங்காயத்தாளோ இறைச்சியோ சேர்த்த உப்புச்சுவை ரொட்டிகளும் உண்டு.

இவற்றின் மென்மைக்குத் துணைசெய்வது 'தாங்ஜோங்' என்னும் கூழ்முறை. ஜப்பானியரின் முறையொன்றோடு உறவுடைய இது, தைவான் வழியாகச் சீனமொழி பேசுவோர் அடுக்களைகளில் பரவியது. ஒரு பங்கு மாவை ஐந்து பங்கு நீரில் கரைத்து, மெல்லிய தீயில் 65 பாகைவரை கிளறவேண்டும். வெப்பமானி இல்லையெனில், கரண்டி சென்ற தடம் ஒரு நொடி அழியாமல் நிற்பதைக் கண்டு இறக்கலாம். கூழ்நிலை எய்திய ஸ்டார்ச் தன் எடையைவிடப் பன்மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும். மாவு கையில் பெரிதும் ஒட்டாமலே அதிக நீரை ஏற்கும். சுட்டபின்னும் ரொட்டி விரைந்து உலராது.

20 கிராம் மைதாவை 100 மில்லிலிட்டர் நீரில் இவ்வாறு கூழாக்கி ஆறவைத்து, அதனோடு 280 கிராம் மைதா, 90 மில்லிலிட்டர் பால், 25 கிராம் சர்க்கரை, 5 கிராம் உப்பு, 4 கிராம் ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து, இறுதியில் 30 கிராம் வெண்ணெயைச் சேர்க்கவேண்டும். வெண்ணெய் முதலிலேயே சேர்ந்தால் புரதத்தைப் பூசிக்கொண்டு வலை உருவாவதைத் தாமதப்படுத்தும். உப்பையும் ஈஸ்ட்டையும் ஒரே இடத்தில் குவித்து இடுதல் கூடாது. சவ்வூடு பரவலால் உப்பு ஈஸ்ட்டின் நீரை வெளியே இழுத்துவிடும். மாவு முழுவதும் பரவிய உப்போ, வலையை வலுப்படுத்தி நொதித்தலை நிதானப்படுத்தும்.

முதற்பொங்கலுக்குப் பின் ஆறு நீள்வடிவங்களாக்கி, மீண்டும் இருமடங்காகும்வரை விடவேண்டும். பொடியாக அரிந்த வெங்காயத்தாளில் எண்ணெய் பிசறி, உப்பைக் கடைசி நொடியில் கலந்து, மேலே பரப்பவேண்டும். முன்னரே உப்பிட்டால் தாள் நீர்விட்டுத் துவளும். எண்ணெய் பூசாவிடில் அனலில் கருகும். 180 பாகையில் பதினெட்டு முதல் இருபது நிமிடத்தில் மேல்தோல் பொன்னிறமாகும். பச்சையும் பொன்னும் கலந்த அத்தோலின் மணம் அடுத்த தெருவரை செல்லும். மான்டோ இவ்வகையில் அடக்கமானது. அருகில் வந்தவர்க்கே மணக்கும்.

மறுநாள்

வட சீன நாட்டுப்புறங்களில் புத்தாண்டுக்கு முன்னதாகவே பெருந்தொகையாக மான்டோ அவித்துவைப்பர். பன்னிரண்டாம் திங்களின் 28ஆம் நாள் மாவு பொங்கவைத்து, 29ஆம் நாள் அவிப்பதாகப் பீஜிங் குழந்தைப் பாடல் ஒன்று நாள் குறிக்கிறது. புத்தாண்டின் முதற்சில நாள்களில் அடுப்புவேலையைக் குறைப்பது நோக்கம். வெளியே உறைபனிக் குளிர் இருப்பதால் பனிப்பெட்டி வேண்டாமலே அவை கெடாதிருக்கும்.

ஆறிய மான்டோ கெட்டிப்படும். கூழான ஸ்டார்ச் குளிரும்போது அதன் மூலக்கூறுகள் மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதே காரணம். இம்மாற்றம் குளிர்சாதனப் பெட்டியின் நான்கு பாகையை ஒட்டிய வெப்பநிலையில் மிக விரைவாக நிகழும். உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ நின்றுவிடும். ஆகையால் மிஞ்சியதை உறைபெட்டியில் வைக்கவேண்டும். இல்லையேல் அன்றே உண்டுவிடவேண்டும். உறைந்த மான்டோவை மறுபடி ஆவியில் பத்து நிமிடம் வைத்தால் அடுக்குகள் கலைந்து, அவித்த நாளின் மென்மை மீளும். வெங்காயத்தாள் ரொட்டிக்கு இவ்வழி உதவாது. ஆவி பட்டால் அதன் பொன்னிறத் தோல் ஈரத்துணிபோல் துவண்டுவிடும். அதற்கு ஓவனோ காய்ந்த தோசைக்கல்லோதான் வேண்டும். மீண்டும் அவிக்கவும் மனமில்லாத சீன வீட்டார் பழைய மான்டோவை விரற்கடைத் தடிப்பில் அரிந்து, அடித்த முட்டையில் தோய்த்து, எண்ணெயில் இருபுறமும் சிவக்கப் பொரித்துக் குழந்தைகளின் காலை உணவாகத் தருகின்றனர்.